இரண்டு திரைகள்: சினிக் இசைக்குழுவும் ‘ஃபோகஸ்’ இசைத்தொகுப்பும்

1993ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று ரோட்ரன்னர் என்ற ஒலிப்பதிவு நிறுவனம் ‘ஃபோகஸ்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டது. 8 உருப்படிகள், ஏறத்தாழ 36 நிமிடங்கள். அதை உருவாக்கிய சினிக் இசைக்குழு அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமி நகரில் தோன்றியது. குழுவின் மையமாக விளங்கிய கிதார் கலைஞர் பால் மாஸ்விடலுக்கும் டிரம்ஸ் கலைஞர் ஷான் ரைனர்ட்டுக்கும் அப்போது வயது 22. மறு ஆண்டே குழு கலைந்துபோனது. அடுத்த முழுத்தொகுப்பு வெளிவர 15 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அந்த 36 நிமிடங்கள் கைமாறிக் கைமாறி, அடுத்த தலைமுறை இசைக்கலைஞர்கள் சிலரின் செவியையே மாற்றியமைத்தன.

சினிக், டெத் மெட்டல் என்ற இசைவகையின் குழு. அதிலும் புராக்ரெசிவ் டெத் மெட்டல் எனப்படும் சிறு கிளையைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டதுமே விலகிச் செல்லும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. கேட்பவரை விரட்டுவதையே முதல் வேலையாகக் கொண்டு பிறந்த இசை அது. ஆயினும் சினிக்கின் கதைக்குள் இலக்கிய வாசகர்களுக்கு மிகவும் பரிச்சயமான ஒரு கேள்வி இருக்கிறது. பெருவழக்கை மறுத்துப் பிறந்த ஒரு சிறு வட்டம், தனக்குள்ளிருந்து ஒருவர் வேறு குரலில் பேசத் தொடங்கும்போது அவரை என்ன செய்கிறது?

*

டெத் மெட்டலின் தொடக்கத்தை 1980களின் நடுப்பகுதியில் வைக்கலாம். கலிஃபோர்னியாவின் பொசஸ்ட் குழு 1985இல் வெளியிட்ட ‘செவன் சர்ச்சஸ்’, ஃப்ளோரிடாவின் டெத் குழு 1987இல் வெளியிட்ட ‘ஸ்க்ரீம் ப்ளடி கோர்’ ஆகிய இரண்டும் அதன் முன்னோடித் தொகுப்புகளாகக் கருதப்படுகின்றன. கிதாரின் ஒலி கனத்துக் கரகரக்கும். இரண்டு கால்களாலும் இடைவிடாது இயக்கப்படும் பேஸ் டிரம்கள் இயந்திரத் துப்பாக்கியைப்போல் அதிரும். பாடுபவர் பாடுவதில்லை, தொண்டையின் ஆழத்திலிருந்து உறுமுகிறார். வரிகள் பெரும்பாலும் மரணம், சிதைவு, நோய், வன்முறை பற்றியவை. அவையும் அச்சில் பார்த்தாலொழியப் புரியாதவை.

இந்த இசைக்கு ஃப்ளோரிடா தலைநகரமாயிற்று. டாம்பா நகரில் மோரிஸ் சகோதரர்கள் நடத்திய மோரிசௌண்ட் ஒலிப்பதிவுக்கூடமும், அங்கு பணியாற்றிய ஒலிப்பதிவாளர் ஸ்காட் பர்ன்ஸும் அதன் அடையாளமான ஒலியை வடிவமைத்தார்கள். டெத், மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, டீசைட் போன்ற குழுக்களின் முக்கியமான தொகுப்புகள் அக்கூடத்தில் பதிவானவை. வானொலி இவற்றை ஒலிபரப்பவில்லை. ஒலிநாடாக்கள் அஞ்சலில் பரிமாறப்பட்டன. ரசிகர்களே நகலெடுத்து விநியோகித்த சிற்றிதழ்களில் விமர்சனங்கள் வந்தன. சில நூறு பிரதிகளே அச்சாகும் ஏட்டுக்குச் சந்தா கட்டியவருக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. அந்தப் பெருமிதமும் அந்தச் சகோதரத்துவமும் அங்கும் இருந்தன. அவற்றோடு கூடவே வரும் வைதீகமும் இருந்தது. எது ‘உண்மையான’ டெத் மெட்டல், எது சமரசம் என்ற தீர்ப்புகள் விரைவாகவும் கடுமையாகவும் வழங்கப்பட்டன. கடினமே அதன் அறம். மென்மை என்பது துரோகத்துக்கு மறுபெயர்.

*

சினிக் 1987இல் தொடங்கியது. 1988 முதல் 1991 வரை ஆண்டுக்கொன்றாக நான்கு மாதிரி ஒலிநாடாக்களை வெளியிட்டார்கள். முதலில் இருப்பது வேகம் மட்டுமே. அக்காலத்து இளைஞர் குழுக்கள் பலவற்றிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். 1990ஆம் ஆண்டின் நாடாவில் ஒரு சிக்கல் தென்படத் தொடங்குகிறது. தாளம் ஒரே நடையில் நிற்க மறுக்கிறது. 1991இல் ரோட்ரன்னர் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த மூன்று உருப்படிகளில் உறுமலும் வேகமும் அப்படியே இருக்க, அடியில் ஓடும் இசைத்தர்க்கம் வேறொன்றாகிவிட்டிருக்கிறது. மாஸ்விடலும் ரைனர்ட்டும் ஜாஸ் ஃப்யூஷன் இசையில் ஊறத் தொடங்கியிருந்தார்கள். குறிப்பாக ஆங்கிலேயக் கிதார் மேதை ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் பாதிப்பு அவர்களிடம் ஆழமானது. இந்த மாதிரிப்பதிவுகள் அனைத்தும் 2017இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. வரிசையாகக் கேட்டால், ஓர் இளைஞர் கூட்டம் நான்கே ஆண்டுகளில் தன் கைகளுக்குப் புதுமொழி கற்பித்துக்கொண்ட விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அதற்குள் வேறொரு வாசல் திறந்தது. டெத் குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் தன் நான்காம் தொகுப்புக்காகப் புதிய கலைஞர்களைத் தேடியபோது, மாஸ்விடலையும் ரைனர்ட்டையும் அழைத்தார். 1991 அக்டோபரில் வெளிவந்த ‘ஹ்யூமன்’ அந்த இசைவகையின் போக்கையே திருப்பிய தொகுப்பு. அதன் திருப்பத்தில் பெரும்பங்கு ரைனர்ட்டின் டிரம்ஸுக்கு உண்டு. வேகமாக அடிப்பவர்கள் பலர் இருந்தார்கள். இவரோ வேகத்துக்கு நடுவிலும் சிம்பல்களின் மீது மெல்லிய, பேச்சைப் போன்ற ஓர் ஓட்டத்தை நிகழ்த்திக்கொண்டிருந்தார். கால்கள் இடிமுழக்கம் செய்யும்போது கைகள் வேறொரு உரையாடலில் ஈடுபட்டிருந்தன. அப்போது அவருக்கு 20 வயது. அத்தொகுப்புக்குப் பின்னர் டெத் மெட்டல் டிரம்ஸ் கலைஞர்கள் ஜாஸ் பயில்வது வியப்புக்குரியதாக இல்லாமல் போயிற்று.

குழுவின் மற்றவர்களும் இப்படியே பிறரின் தொகுப்புகளுக்குத் தம் கைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேஸ் கிதார் கலைஞர் டோனி சோய், 1991இல் நெதர்லாந்தின் பெஸ்டிலன்ஸ் குழுவின் தொகுப்பிலும், ஃப்ளோரிடாவின் ஏதியிஸ்ட் குழுவின் ‘அன்க்வெஸ்ச்சனபிள் பிரசன்ஸ்’ தொகுப்பிலும் வாசித்தார். இரண்டாம் கிதார் கலைஞர் ஜேசன் கோபெல் 1992இல் மான்ஸ்ட்ராசிட்டி குழுவுக்கு வாசித்தார். இத்தனை நல்ல தொகுப்புகளில் பங்கிருந்தும் சினிக்குக்கென்று சொந்தமாக ஒரு தொகுப்பு இன்னும் வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் இயற்கையே. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவில் கரையேறியது. மயாமியைச் சுற்றிய பகுதியில் 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கோபெலின் வீடும், குழு பயிற்சிசெய்த இடமும் அழிவில் சேர்ந்தன. ஒலிப்பதிவு மறு ஆண்டுக்குத் தள்ளிப்போனது. கிடைத்த மாதங்களில் பாடல்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1991ஆம் ஆண்டின் மாதிரிப்பதிவில் உள்ள ‘யுரோபோரிக் ஃபார்ம்ஸ்’ உருப்படியையும், ‘ஃபோகஸ்’ தொகுப்பில் அதே பெயரில் உள்ள உருப்படியையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த இடைவெளியின் விளைவு புலப்படும். எலும்புக்கூடு அதேதான். ஆனால் முன்னதில் மூச்சுவிட இடமில்லை. பின்னதில் ஒலிகளுக்கிடையே வெளிச்சம் நுழைகிறது.

*

1993இல் மோரிசௌண்ட் கூடத்தில், ஸ்காட் பர்ன்ஸின் தயாரிப்பில் ‘ஃபோகஸ்’ பதிவானது. டோனி சோய் ஏதியிஸ்ட் குழுவுக்குப் போய்விட, அவ்விடத்துக்கு ஷான் மலோன் வந்தார். பேஸ் கிதாரோடு, விரல்களால் தட்டி வாசிக்கப்படும் சாப்மன் ஸ்டிக் என்ற பலதந்திக் கருவியையும் அவர் வாசித்தார். பின்னாளில் இசைக்கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்று, ஜாக்கோ பாஸ்டோரியஸின் வாசிப்பைப் பற்றி நூல் எழுதியவர் அவர். கனத்த இசையில் கிதாரின் நிழலாக மட்டும் ஒலிக்கும் பேஸ், இங்கே முழுமையான ஒரு குரலாகத் தனித்துப் பாடுகிறது. கிதார்களோடு கிதார் சிந்தசைசர்களும் சேர்ந்து, தந்திகளிலிருந்து குழலையும் காற்றையும் நினைவூட்டும் ஒலிகளை எழுப்புகின்றன.

அட்டையில் ராபர்ட் வெனோசாவின் ஓவியம். மண்டையோடுகளும் பிணங்களும் நிறைந்த அட்டைகளுக்கு நடுவே, ஒளியால் வார்த்ததுபோன்ற ஓர் உருவெளி. தலைப்புகளைப் பாருங்கள். முதல் உருப்படி ‘வெய்ல் ஆஃப் மாயா’, அதாவது மாயையின் திரை. ஐந்தாவது உருப்படி ‘ஐ’ம் பட் எ வேவ் டு...’, நான் ஓர் அலை மட்டுமே என்று தொடங்கி, எதன் அலை என்பதைச் சொல்லாமல் மூன்று புள்ளிகளோடு நின்றுவிடும் தலைப்பு. அலையும் கடலும் நமக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய உவமை. மேலைநாட்டு இளைஞர்கள் கீழைத்தேய ஆன்மிகத்தைக் கடன்வாங்கும்போது நாம் சற்று எச்சரிக்கையாவதும் இயல்பே. அத்தகைய கடன்களில் பெரும்பாலானவை ஊதுபத்திப் புகையோடு கலைந்துபோயிருக்கின்றன. சினிக் விஷயத்தில் நாம் கவனிக்க வேண்டியது வரிகளை அல்ல. மாயை, திரை என்ற கருத்து அவர்களிடம் ஒலியின் வடிவமாகவே ஆகிவிட்டது. இதை விளக்கக் கொஞ்சம் தொழில்நுட்ப வரலாறு தேவைப்படுகிறது.

*

‘ஃபோகஸ்’ தொகுப்பில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று, டோனி டீகார்டனின் உறுமல். மற்றொன்று மாஸ்விடலுடையது. அவருடைய குரல் எங்கும் நேரடியாக ஒலிப்பதில்லை. வோகோடர் என்ற கருவியின் வழியே கடந்து, உலோகம் பாடுவதுபோலவும் தொலைதூரத்துக் கோளிலிருந்து வருவதுபோலவும் ஒலிக்கிறது.

வோகோடர் இசைக்காகப் பிறந்த கருவி அன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர் 1930களில் உருவாக்கியது. மனிதக் குரலை அதிர்வெண் பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொரு பட்டையின் வலிமையை மட்டும் குறியீடாக அனுப்பி, மறுமுனையில் அக்குறியீட்டைக் கொண்டு செயற்கையாகக் குரலை மீண்டும் கட்டியெழுப்புவதே அதன் அடிப்படை. தொலைபேசிக் கம்பிகளில் இடத்தை மிச்சப்படுத்துவது முதல் நோக்கம். இரண்டாம் உலகப்போரில் அது வேறு பணிக்குப் போனது. நேச நாடுகளின் தலைமைகள் அட்லாண்டிக்கின் இருபுறமிருந்தும் பேசிக்கொண்டதை எதிரி ஒட்டுக்கேட்காதிருக்க, 1943இல் இயங்கத் தொடங்கிய ரகசியத் தொலைபேசி அமைப்பின் இதயமாக வோகோடர் இருந்தது. பேசுபவரின் சொல் போய்ச் சேர வேண்டும், பேசுபவர் யாரென்பது வழியில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. 1970களில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் போன்ற குழுக்கள் அதை இசைக்குள் கொண்டுவந்தன.

டெத் மெட்டலின் உறுமலும் இதே காரியத்தை வேறு வழியில் செய்கிறது. உறுமுபவரின் வயது தெரியாது, ஊர் தெரியாது, அவர் அச்சத்தில் இருக்கிறாரா துயரத்தில் இருக்கிறாரா என்பதும் தெரியாது. மனிதக் குரலில் அந்தரங்கத்தைக் காட்டிக்கொடுக்கும் நடுக்கங்கள் யாவும் அதில் அழிக்கப்பட்டுவிடுகின்றன. எஞ்சுவது வலிமை மட்டுமே. ஆக, ‘ஃபோகஸ்’ தொகுப்பின் இரு குரல்களும் இரு முகமூடிகள், இரண்டு திரைகள். உறுமல் அந்த வட்டம் ஏற்றுக்கொண்ட திரை. அதன் பின்னால் யாரும் பத்திரமாக இருக்கலாம். வோகோடரோ ஒரு திரையாக இருந்துகொண்டே, தன் பின்னால் மென்மையான ஏதோவொன்று இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. இனிமையான மெட்டு அதன் வழியே கசிகிறது. இந்த இரண்டாவது திரையைத்தான் அன்றைய கேட்போரால் சகிக்க முடியவில்லை.

தொகுப்பின் பேரழகு இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று வெல்லாமலிருப்பதில் இருக்கிறது. ‘வெய்ல் ஆஃப் மாயா’வில் கிதார்களின் கனத்த அடிக்கு மேல் அந்த உலோகக் குரல் நீந்துகிறது; உறுமல் குறுக்கிட்டுப் பதில் சொல்கிறது; பிறகு இரண்டும் விலக, அமைதியான ஓர் இடைவெளியில் பேஸும் டிரம்ஸும் மட்டும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. ஏழாவது உருப்படியான ‘டெக்ஸ்ச்சர்ஸ்’ குரலே இல்லாத வாத்திய இசை. இரண்டு திரைகளும் விலகிய அந்தச் சில நிமிடங்களில் கலைஞர்களின் விரல்கள் மட்டுமே கேட்கின்றன. டெத் மெட்டல் தொகுப்பில் இருக்கிறோம் என்பதைக் கேட்பவர் அங்கே மறந்துபோகலாம். இறுதி உருப்படியான ‘ஹவ் குட் ஐ’ நீண்ட கிதார் ஆலாபனையோடு எழுந்து மறைகிறது.

*

வரவேற்பு கசப்பானது. 1994இல் சினிக் வட அமெரிக்காவில் கேனிபல் கார்ப்ஸ் குழுவோடு சுற்றுப்பயணம் செய்தது. கேனிபல் கார்ப்ஸ், டெத் மெட்டலின் குருதிதோய்ந்த முனைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் குழு. அதைக் கேட்கத் திரண்ட கூட்டத்தின் முன், தலைப்பகுதி இல்லாத வினோதக் கிதாரோடு, உலோகக் குரலில் பிரபஞ்ச ஒருமையைப் பாடும் இளைஞர்கள் நின்றார்கள். அப்பயணத்தில் உறுமல் குரலைப் பாடியவர் ஒரு பெண். கூச்சலும் வசவும் மேடையை நோக்கிப் பறந்தன. வசவுகள் இசையைப் பற்றியவையாக மட்டும் இருக்கவில்லை. மேடையில் தெரிந்த மென்மை அவர்களுடைய ஆண்மையின் மீதான ஐயமாகவும் மாற்றப்பட்டது.

இது சினிக்குக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1993 அந்தச் சிறு கிளையின் அதிசய ஆண்டு. ஏதியிஸ்டின் ‘எலிமென்ட்ஸ்’, பெஸ்டிலன்ஸின் ‘ஸ்பியர்ஸ்’, டெத்தின் ‘இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ ஆகியவையும் அதே ஆண்டில் வெளிவந்தன. எல்லாமே ஏதோ ஒரு வகையில் ஜாஸை நோக்கி, வெட்டவெளியை நோக்கி நகர்ந்தவை. 1994 முடிவதற்குள் டெத் தவிர மற்ற மூன்று குழுக்களும் இயங்காமல் போயின. இலக்கிய வரலாற்றிலும் இத்தகைய ஆண்டுகள் உண்டு. ஒரு சிறிய இயக்கத்தின் உச்சமும் முடிவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்துவிடும்; அது உச்சமாக இருந்தது என்பதைக் கண்டுகொள்ளப் பத்தாண்டுகள் தேவைப்படும்.

இரண்டாம் தொகுப்புக்கான வேலையின் நடுவில் 1994இல் சினிக் கலைந்தது. உறுப்பினர்கள் சிலர் போர்ட்டல் என்ற பெயரில், ஒரு பெண் குரலோடு, உறுமல் அறவே இல்லாத உருப்படிகளைப் பதிவுசெய்தார்கள். அவை 2012இல்தான் முறையான வெளியீடாக வந்தன. மாஸ்விடலும் ரைனர்ட்டும் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று தொலைக்காட்சிகளுக்கு இசையமைத்துப் பிழைத்தார்கள். ஏயான் ஸ்போக் என்ற மென்மையான ராக் குழுவையும் நடத்தினார்கள். மலோன் கார்டியன் நாட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதன் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஜெனசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட்டும் யெஸ், கிங் கிரிம்சன் குழுக்களின் பில் புரூஃபர்டும் அவரோடு வாசித்தார்கள்.

*

‘ஃபோகஸ்’ இதற்கிடையே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒலிநாடா நகல்களாகவும், பின்னர் இணையத்தில் பரிமாறப்பட்ட கோப்புகளாகவும் அது பரவியது. கேட்டவர்களில் பலர் தாமே கிதார் பயின்றுகொண்டிருந்தவர்கள். தொகுப்பின் முதல் உருப்படியின் பெயரையே சிகாகோவின் ஒரு குழு தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. 2004இல் ரோட்ரன்னர் நிறுவனம் ‘ஃபோகஸ்’ தொகுப்பைக் கூடுதல் பதிவுகளோடு மறுவெளியீடு செய்தது. 2006இல் குழு மீண்டும் இணையும் அறிவிப்பு வந்தது. 2007இல் ஐரோப்பிய விழா மேடைகளில் அவர்கள் தோன்றியபோது, முன்பு வசவு கேட்ட அதே பாடல்களை ரசிகர்கள் வரிக்கு வரி உடன்பாடினார்கள்.

2008இல் பிரான்சின் சீசன் ஆஃப் மிஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ‘டிரேஸ்ட் இன் ஏர்’, முந்தைய தொகுப்பின் நீட்சியாகவும் அதைவிடத் தெளிவானதாகவும் அமைந்தது. அட்டையில் மீண்டும் வெனோசா. இங்கே உறுமல் பின்னணிக்குப் போய்விட்டது. வோகோடரின் பூச்சும் மெலிந்து, மனிதக் குரல் பெருமளவு அடையாளம் தெரிகிறது. 2011இல் வந்த ‘கார்பன்-பேஸ்ட் அனாட்டமி’ குறுந்தொகுப்பில் உறுமல் இல்லை. 2014இல் வந்த ‘கைண்ட்லி பென்ட் டு ஃப்ரீ அஸ்’ தொகுப்பிலும் இல்லை. திரைகள் ஒவ்வொன்றாக விலகுவதை இசையிலேயே கேட்க முடிகிறது.

அதே 2014 மே மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் வெளியான நேர்காணலில் மாஸ்விடலும் ரைனர்ட்டும் தாங்கள் இருவரும் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதைப் பொதுவில் தெரிவித்தார்கள். நெருங்கியவர்களுக்கு அது புதிய செய்தியன்று. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் 1998இலேயே இதைச் செய்திருந்தார். ஆயினும் அவர் அப்போது அசைக்க முடியாத பெரும் ஆளுமை. டெத் மெட்டலின் உட்சுற்றிலிருந்து இப்படியொரு வெளிப்படையான சொல் வருவது அரிதாகவே இருந்தது.

இங்கே ஒரு தடுமாற்றத்துக்கு இடமுண்டு. இச்செய்தி தெரிந்ததும் ‘ஃபோகஸ்’ முழுவதையும் ஒரு ரகசியத்தின் சங்கேதமாக வாசித்துவிடும் ஆசை எழலாம். வோகோடர் என்றால் மறைவு, மாயை என்றால் வேடம் என்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் பொருத்திக்கொண்டே போகலாம். வாழ்க்கை வரலாற்றைச் சாவியாக்கிப் படைப்பைத் திறக்கும் இந்த முறை இலக்கிய விமர்சனத்தில் எத்தனை நல்ல கவிதைகளைச் சிறியதாக்கியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். அந்த ஒலி கண்டடையப்பட்டதற்கு இசை சார்ந்த காரணங்களே போதும். ஹோல்ட்ஸ்வொர்த்தைக் கேட்டு வளர்ந்த ஒரு செவி அங்கு வந்துசேர்ந்திருக்கவே செய்யும். அந்தச் செய்தி நமக்கு விளக்குவது படைப்பை அல்ல, வரவேற்பை. 1994இல் மேடையை நோக்கி வீசப்பட்ட சொற்கள் வெறும் ரசனை வேறுபாடு என்று இனி நாம் நினைத்துக்கொள்ள முடியாது. எறிந்தவர்களுக்குத் தெரியாமலேயே அவை சரியாக ஆள்மீது போய் விழுந்திருக்கின்றன.

*

பின்னுரை மகிழ்ச்சியானதாக அமையவில்லை. 2015இல் குழு முடிந்துவிட்டதாக ரைனர்ட் அறிவித்தார். மாஸ்விடல் அதை மறுத்தார். பதின்பருவத்தில் தொடங்கிய கூட்டு முறிந்தது. மாஸ்விடல் புதிய டிரம்ஸ் கலைஞரோடு சினிக்கைத் தொடர்ந்தார். 2020 ஜனவரி 24 அன்று ரைனர்ட் திடீரெனக் காலமானார். வயது 48. அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதால் அவருடைய உடலின் திசுக்களைத் தானமாக ஏற்க மறுத்துவிட்டார்கள் என்று அவருடைய கணவர் பொதுவில் வருந்தி எழுதினார். எத்தனையோ டிரம்ஸ் கலைஞர்கள் பின்பற்றிய உடலசைவு அந்த உடலுடையது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று மலோனும் மறைந்தார். வயது 50. ‘ஃபோகஸ்’ தொகுப்பின் தாளக்கட்டு முழுவதும் ஒரே ஆண்டுக்குள் இல்லாமல் போயிற்று.

2021 நவம்பரில் வந்த ‘அசென்ஷன் கோட்ஸ்’ தொகுப்பில் மாஸ்விடல் வேறொரு பேஸ் கிதார் கலைஞரை நியமிக்கவில்லை. மலோனின் இடத்தை பேஸ் சிந்தசைசரின் ஒலியால் நிரப்பினார். பேஸ் கிதாரின் தந்தி அதிர்வு கேட்க வேண்டிய இடத்தில் அது இல்லாததைக் கேட்பவர் உணர்கிறார். வெனோசா 2011இலேயே மறைந்துவிட்டிருந்தார். இத்தொகுப்பின் அட்டையை அவருடைய மனைவியும் ஓவியருமான மார்ட்டினா ஹாஃப்மன் வரைந்தார். 2023இல், வெளிவந்து 30 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, ‘ஃபோகஸ்’ புதிதாக ஒலிக்கலவை செய்யப்பட்டு ‘ரீஃபோகஸ்’ என்ற பெயரில் வந்தது. பழைய பதிவில் கிதார்களுக்கு அடியில் சற்றே அமுங்கிக் கிடந்த மலோனின் பேஸ் இப்போது முன்னால் வந்திருக்கிறது.

தாமதமான அங்கீகாரம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏதோ தபால் தாமதமாக வந்து சேர்ந்ததைப்போல. உண்மையில் அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் கலைஞர். 22 வயதில் இந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் 23 வயதிலும் 25 வயதிலும் 30 வயதிலும் என்னென்ன செய்திருப்பார்கள் என்பது இனித் தெரியவராது. அந்த இசைகளைத் தடுத்தவர்கள் வணிகர்களோ தணிக்கையாளர்களோ அல்லர். பெருவழக்கை வெறுத்து, மாற்றுக்காகக் கூடியவர்களே. சிறுபான்மை ரசனையின் மீது பெருமிதம் கொண்ட எந்த வட்டமும், நம்முடையதும் உட்பட, அவ்வப்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்வது நல்லது.

கேட்க விரும்பும் நண்பர்கள் ‘டெக்ஸ்ச்சர்ஸ்’ உருப்படியிலிருந்து தொடங்கலாம். அதில் உறுமல் இல்லை, அஞ்ச வேண்டியதில்லை. பிறகு ‘டிரேஸ்ட் இன் ஏர்’ முழுவதையும் ஒருமுறை. அதன்பின் ‘ஃபோகஸ்’ தொகுப்பை முதலிலிருந்து, இரவில், இடைவேளை இல்லாமல். முதல்முறை உறுமல் மட்டுமே காதில் விழும். இரண்டாம் முறை உலோகக் குரலின் மெட்டு மனதில் நிற்கும். மூன்றாம் முறை, ரைனர்ட்டின் வலக்கை சிம்பலின் விளிம்பில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய சேதி கேட்கத் தொடங்கும்.